நீதிபதி டேவிஸ் மறுத்த நாற்காலி

வகித்த பதவிகளைவிட மறுத்த பதவி ஒன்றினால் அதிகம் பேசப்படுபவர் டேவிட் டேவிஸ். இல்லினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், சுற்று நீதிமன்ற நீதிபதி, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி, இறுதியில் செனட்டர் என்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் பொதுவாழ்வில் இருந்தார். ஆயினும் 1877-இல் அதிபர் தேர்தல் தகராறைத் தீர்க்க அமைக்கப்பட்ட ஆணையத்தில் அவர் உட்காராமல் போனதுதான் பெரும்பாலான நூல்களில் அவருக்குக் கிடைத்திருக்கும் ஒற்றை வரி. கோலாலம்பூரில் வழக்கறிஞராகத் தொழில் செய்யும் எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது வேறொரு வரி. அவசர காலத்திலும் அரசமைப்புச் சட்டம் உறங்குவதில்லை என்று வாதிட விரும்பும் எவரும் ஏதேனும் ஒரு கட்டத்தில் மில்லிகன் வழக்குக்குப் போய்ச் சேருவார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் இவர்தான் என்பதை நான் வெகு காலம் கழித்தே கவனித்தேன். அரசியலில் ஊறிய ஒருவரிடமிருந்து அப்படி ஒரு தீர்ப்பு எவ்வாறு வந்தது, அதை எழுதியவரே பத்தாண்டுகள் கழித்து நீதிமன்றத்தை விட்டு ஏன் எழுந்து போனார் என்னும் இரண்டு கேள்விகளும் என்னை விடாமல் துரத்தியதால் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

டேவிஸ் 1815-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் சீசல் கவுண்டியில் பிறந்தார். மருத்துவரான தந்தை, மகன் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒஹாயோவின் கென்யன் கல்லூரியில் 1832-இல் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸிலும் நியூ ஹேவனிலும் சட்டம் பயின்று, இருபது வயதில் மேற்கே கிளம்பினார். 1836-இல் இல்லினாயின் புளூமிங்டன் என்னும் சிற்றூரில் குடியேறினார். அன்று மேற்கே போன இளம் வழக்கறிஞர்களுக்குக் கட்சிக்காரர்கள் குறைவு, நிலமோ மலிவு. டேவிஸ் நிலம் வாங்கத் தொடங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார். பின்னாளில் அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி அந்த நிலங்களிலிருந்தே வந்தது. கைநிறையச் சொத்து இருந்ததால் எந்தக் கட்சியின் தயவையும் அவர் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய சுயேச்சைத்தனத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

1844-இல் விக் கட்சியின் சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் ஆற்றிய பணியில் குறிப்பிடத்தக்கதாக எதுவும் இல்லை. 1847-இல் நடந்த மாநில அரசமைப்பு மாநாடு அப்படியல்ல. நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த மாநாட்டில்தான் வந்தது. அதற்காக வாதிட்டவர்களில் டேவிஸும் ஒருவர். மறு ஆண்டே அந்தப் புதிய விதியின்படி எட்டாவது நீதிமன்ற வட்டத்தின் நீதிபதியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாம் கட்டிய வீட்டில் தாமே முதலில் குடியேறியதைப் போன்ற காரியம்தான், என்றாலும் 1855-இலும் 1861-இலும் மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

எட்டாவது வட்டம் தொடக்கத்தில் பதினான்கு கவுண்டிகளைக் கொண்டிருந்தது. வசந்த காலத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, நீதிமன்றமே ஊர் ஊராகச் சுற்றும். நீதிபதி முன்னால் குதிரை வண்டியில் போக, வழக்கறிஞர்கள் பின்தொடர்வார்கள். சேறும் பாலமில்லாத ஆறுகளும் தாண்டி ஒரு கவுண்டித் தலைநகரை அடைந்தால், அங்கே ஒரே ஒரு விடுதி இருக்கும். நீதிபதியும் வழக்கறிஞர்களும் சாட்சிகளும் சில வேளைகளில் பிணையில் வந்த குற்றவாளியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். கட்டிலுக்கு இருவர் என்று படுப்பதே வழக்கம்; டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில் கிடைக்கும். அது பதவிக்குக் கிடைத்த மரியாதை அல்ல, முன்னூறு பவுண்டைத் தொட்ட உடம்புக்குக் கிடைத்த சலுகை. இரவில் அவருடைய அறையில்தான் எல்லாரும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தின் நாயகன், கால்சட்டை கணுக்காலுக்கு மேல் நிற்கும் நெட்டையான ஒரு வழக்கறிஞர். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் கட்டணத்தை மிகக் குறைவாக வாங்குவதால் மற்ற வழக்கறிஞர்களின் பிழைப்பும் கெடுகிறது என்று டேவிஸ் அவரைக் கடிந்துகொண்டதாகவும், அதற்காகவே விடுதியில் ஒரு விளையாட்டு நீதிமன்றம் கூட்டி அவரை விசாரித்துத் தண்டித்ததாகவும் அந்தக் கூட்டத்தில் இருந்த வார்ட் ஹில் லாமன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். டேவிஸ் வெளியூர் போகும்போது சில நாள்கள் லிங்கனே நீதிபதி இருக்கையில் அமர்ந்து வழக்குகளைக் கேட்டதும் உண்டு. இன்று இங்கே யாராவது அப்படிச் செய்தால் வழக்கறிஞர் மன்றம் சும்மா விடாது. அன்றைய இல்லினாயில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் இடையே வளர்ந்த நம்பிக்கை அமெரிக்க அரசியலின் போக்கையே மாற்றிய இடம் அந்த விடுதி அறைகள்தாம்.

1860 மே மாதம் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு கூடியது. நியூயார்க்கின் வில்லியம் சூவர்டே வேட்பாளர் ஆவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பதவியிலிருந்த நீதிபதி டேவிஸ், டிரெமாண்ட் விடுதியில் முகாமிட்டு, லிங்கனுக்காக ஒவ்வொரு மாநிலப் பிரதிநிதிக் குழுவையும் தனித்தனியே பிடித்தார். முதல் சுற்றிலேயே வெல்வது அவர் திட்டம் அன்று. சூவர்ட் தோற்றால் அடுத்து யார் என்ற கேள்விக்கு எல்லாருடைய வாயிலும் லிங்கன் பெயர் வரவேண்டும் என்பதே கணக்கு. தம்மைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ள வேண்டாம் என்று லிங்கன் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து எழுதியனுப்பினார். லிங்கன் இங்கே இல்லையே என்று சொல்லி டேவிஸ் அதை ஒதுக்கிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வெற்றிக்கு 233 வாக்குகள் தேவை. முதல் சுற்றில் சூவர்ட் 173½, லிங்கன் 102. இரண்டாம் சுற்றில் 184½-க்கு 181. மூன்றாம் சுற்றில் லிங்கன் 231½-ஐ எட்டியதும் ஒஹாயோவின் நான்கு வாக்குகள் இடம் மாறின, கதை முடிந்தது. பின்னர் அமைந்த அமைச்சரவையில் பென்சில்வேனியாவின் சைமன் கேமரனுக்கும் இண்டியானாவின் காலெப் ஸ்மித்துக்கும் இடம் கிடைத்ததைப் பார்த்தால், சிகாகோவில் வாக்குறுதிகள் எதுவும் தரப்படவில்லை என்று நம்புவது கடினம்.

இவ்வளவு செய்தவருக்குக் கைம்மாறு உடனே வந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் காலியிடங்கள் இருந்தும் லிங்கன் தயங்கினார். ஆர்வில் பிரௌனிங் என்ற இன்னொரு நண்பரும் அதே இடத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார். பழைய சுற்று நீதிமன்ற நண்பர்கள் விடாமல் நச்சரித்த பிறகே 1862 அக்டோபரில் நியமன ஆணை வந்தது. டிசம்பரில் செனட் அதை உறுதிசெய்தது. ஒரு நீதிபதியின் நியமனம் எப்படி நடக்கக் கூடாது என்பதற்குப் பாடம் எடுக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. தேர்தல் மேலாளரை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் ஓர் எதிர்பார்ப்பு உண்டு. தொடக்கத்தில் அந்த எதிர்பார்ப்பு பொய்க்கவும் இல்லை. 1863-இல், உள்நாட்டுப் போரில் கிளர்ச்சி செய்த தென் மாநிலங்களின் துறைமுகங்களை லிங்கன் முற்றுகையிட்டது செல்லும் என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பில், ஐவரில் ஒருவராக டேவிஸ் இருந்தார்.

மில்லிகன் வழக்கு அதன்பின் வந்தது. லாம்ப்டின் மில்லிகன் இண்டியானாவின் ஹண்டிங்டன் ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர். லிங்கனின் போர்க் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். கிளர்ச்சியாளர்களுக்கு உதவச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டி, 1864 அக்டோபர் 5-ஆம் நாள் இராணுவம் அவரை வீட்டிலேயே கைது செய்தது. இண்டியானாபோலிஸில் இராணுவ ஆணையம் ஒன்று விசாரித்து அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அவர் படைவீரர் அல்லர். இண்டியானா போர்க்களமும் அன்று. கூட்டரசு நீதிமன்றம் அதே நகரில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்க அதிபருக்கு அதிகாரம் கொடுத்திருந்தாலும், கைதானவர்மீது பெரு நடுவர் குழு குற்றப்பத்திரிகை தராமல் கலைந்துவிட்டால் அவரை விடுவிக்க நீதிபதி ஆணையிடலாம் என்றும் அதே சட்டம் சொல்லியிருந்தது. மில்லிகன் விஷயத்தில் அந்தக் குழு கூடியது, அவர்மீது குற்றம் எதுவும் சுமத்தாமல் கலைந்தது. தூக்கு 1865 மே 19-க்குக் குறிக்கப்பட்டிருந்தது. லிங்கன் கொலையுண்டபின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் அதை ஆயுள் தண்டனையாக்கினார்.

உச்ச நீதிமன்றத்தில் மில்லிகனுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர். அதற்கு முன் எந்த நீதிமன்றத்திலும் அவர் ஒரு வழக்குக்கூட நடத்தியதில்லை. 1866 ஏப்ரலில் மில்லிகனை விடுவிக்கும் ஆணை வந்தது, காரணங்களை விளக்கும் தீர்ப்பு டிசம்பரில் வெளியானது. விடுவிக்க வேண்டும் என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தார்கள். ஏன் என்பதில்தான் பிளவு. குடிமை நீதிமன்றங்கள் திறந்து, தடையின்றி இயங்கும் இடத்தில் குடிமகன் ஒருவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த அதிபருக்கும் அதிகாரமில்லை, நாடாளுமன்றம் சட்டம் இயற்றினாலும் அதிகாரம் வராது என்று டேவிஸ் எழுதினார். அவரோடு நால்வர் சேர்ந்தார்கள். தலைமை நீதிபதி சேஸும் மற்ற மூவரும், நாடாளுமன்றம் நினைத்திருந்தால் அத்தகைய அதிகாரத்தைக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை என்பதே போதும் என்றார்கள். ஆட்சியாளருக்கும் மக்களுக்கும், போரிலும் அமைதியிலும், அரசமைப்பு ஒரே சட்டம் என்று டேவிஸ் அந்தத் தீர்ப்பில் சொன்ன கருத்தைத்தான் இன்றும் வழக்கறிஞர்கள் மேற்கோளாக எடுத்துக்காட்டுகிறார்கள்.

தீர்ப்பைக் கையிலெடுத்துப் படிக்கும்போது என்னை உறுத்துவது அதன் தொடக்கம். போர்க் காலத்தின் மனநிலை, ஒரு சட்டக் கேள்வியை நிதானமாக ஆராய இடம் தரவில்லை, இப்போது பொது அமைதி திரும்பிவிட்டதால் அதைப் பேசலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். போர் நடந்துகொண்டிருந்த 1864 பிப்ரவரியில், வல்லாண்டிகம் என்ற அரசியல்வாதிக்கு இராணுவ ஆணையம் விதித்த தண்டனையை ஆராயத் தனக்கு அதிகாரமில்லை என்று இதே உச்ச நீதிமன்றம் கைகழுவியிருந்தது. டேவிஸ் அப்போதும் அங்கே நீதிபதிதான். வட மாநிலங்களில் நடக்கும் இராணுவ விசாரணைகள் அரசமைப்புக்கு முரணானவை என்று லிங்கனிடம் தாம் நேரிலேயே சொன்னதாக அவர் பிற்காலத்தில், லிங்கனோடு கூட்டாக வழக்கறிஞர் தொழில் செய்த ஹெர்ண்டனிடம் கூறினார். அதை நான் நம்புகிறேன். ஆனால் நண்பரின் காதில் சொல்வது வேறு, நீதிமன்றத்தில் எழுதுவது வேறு. வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டினார் என்று குறை சொல்லலாம். அடுத்த வெள்ளத்துக்கு அந்த அணை பயன்பட்டது என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை.

விலை கொடுக்காமல் எழுதிய தீர்ப்பு என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தோற்ற தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்களைக் காக்க இராணுவத்தையே நம்பியிருந்த குடியரசுக் கட்சியினர், அடிமைத்தனத்தைத் தூக்கிப்பிடித்த டிரெட் ஸ்காட் தீர்ப்போடு இதை ஒப்பிட்டுத் தூற்றினார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே அவரைத் துரோகி என்றார்கள். அவர்களுடைய அச்சத்திலும் நியாயம் இருந்தது. தென் மாநிலங்களில் நீதிமன்றங்கள் திறந்திருந்தன என்பது உண்மைதான், அவற்றில் கறுப்பினத்தவருக்கு நீதி கிடைத்ததா என்பதுதான் கேள்வி. மில்லிகனோ தம்மைக் கைது செய்தவர்கள்மீது நட்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்து 1871-இல் வென்றார். நடுவர் குழு அவருக்குக் கொடுத்தது ஐந்து டாலர்.

திறந்திருக்கும் நீதிமன்றம் என்ற அளவுகோல் போதுமா என்ற ஐயம் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிதில் வரும். தொழிற்சங்கத் தலைவர் கணபதி 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டபோது மலாயாவில் நீதிமன்றங்கள் மூடிக்கிடக்கவில்லை. அவரை விசாரித்ததும் இராணுவம் அன்று. மாறியிருந்தது சட்டம்தான்: ஆயுதம் வைத்திருந்தாலே மரணம் என்று அவசர கால விதிகள் சொல்லின. விசாரணையே இல்லாமல் இரண்டிரண்டு ஆண்டுகளாகத் தடுத்துவைக்க வழிசெய்த இசா எனப்படும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 1960 முதல் 2012 வரை நடைமுறையில் இருந்தது. நம் அரசமைப்பின் 149, 150-ஆம் பிரிவுகள் அத்தகைய சட்டங்களுக்கு வெளிப்படையாகவே இடம் தருவதால், டேவிஸின் வாதத்தை அப்படியே இங்கே இறக்கி வைக்க முடியாது. ஐவர் தீர்ப்போடு சேஸின் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்கும்படி எங்கள் அலுவலகத்துக்கு வரும் பயிற்சி வழக்கறிஞர்களிடம் நான் சொல்வது இதனால்தான். நம் நிலைமைக்கு நெருக்கமானது சேஸின் தீர்ப்பே.

நீதிமன்றத்துக்கு வெளியே அவர் செய்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கெட்டிக்கார வழக்கறிஞர்களில் ஒருவரான லிங்கன் உயில் எழுதாமலேயே இறந்தார். மகன் ராபர்ட் அழைத்ததன் பேரில் டேவிஸ் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை ஏற்றார். 1867-இல் கணக்கை முடித்தபோது 1,10,000 டாலருக்கு மேல் இருந்தது. அதை மனைவிக்கும் உயிரோடிருந்த இரு மகன்களுக்கும் மூன்றாகப் பிரித்துக் கொடுத்தார். சட்டப்படி தமக்குச் சேர வேண்டிய கட்டணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நாற்காலிக்கு வருகிறேன். மில்லிகன் தீர்ப்புக்குப் பின் டேவிஸ் எந்தக் கட்சிக்கும் உரியவராக இல்லாமல் போனார். அதே வேளையில் எல்லாக் கட்சிகளும் தம்மை அழைக்கலாம் என்ற நினைப்பும் அவருக்கு வந்துவிட்டது. 1872-இல் நீதிபதி பதவியில் இருந்தபடியே தொழிலாளர் சீர்திருத்தக் கட்சியின் அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். லிபரல் குடியரசுக் கட்சியும் தம்மை நிறுத்தும் என்று எதிர்பார்த்தார். அது ஹொரஸ் கிரீலியைத் தேர்ந்தெடுத்ததும் விலகிக்கொண்டார். இதை நான் பெருமைப்படத்தக்க செயலாக நினைக்கவில்லை. அதிபர் பதவிமீது ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நீதிபதி இருக்கையில் அமர்ந்திருப்பவரின் தீர்ப்பை நாடு எப்படி நம்பும்?

1876 தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் ஏறத்தாழ இரண்டரை லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றார். ஆனால் அதிபரை முடிவு செய்பவை மாநில வாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகள்; அவற்றில் அவருக்கு 184, குடியரசுக் கட்சியின் ரூதர்ஃபோர்ட் ஹேய்ஸுக்கு 165. வெல்ல 185 வேண்டும். ஃபுளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களும் ஓரிகனின் ஒரு வாக்கும் சேர்ந்து இருபது வாக்குகள் தகராறில் இருந்தன. டில்டனுக்கு அவற்றில் ஒன்று போதும். இதைத் தீர்க்கப் பதினைந்து பேர் கொண்ட ஆணையம் ஒன்றை நாடாளுமன்றம் அமைத்தது. செனட்டர்கள் ஐவர், கீழவை உறுப்பினர்கள் ஐவர், நீதிபதிகள் ஐவர். கட்சி வாரியாகக் கூட்டிப் பார்த்தால் ஏழுக்கு ஏழு. நான்கு நீதிபதிகள் தேர்ந்தெடுக்க வேண்டிய ஐந்தாமவரே தராசின் முள். அந்த ஐந்தாமவர் டேவிஸ் என்ற நம்பிக்கையில்தான் ஜனநாயகக் கட்சி அந்தச் சட்டத்துக்கு இணங்கியது.

சட்டம் நிறைவேறிக்கொண்டிருந்த அதே வாரத்தில், 1877 ஜனவரி 25-ஆம் நாள், இல்லினாய் சட்டமன்றம் டேவிஸை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு வாக்களித்தவர்கள் ஜனநாயகக் கட்சியினரும் சுயேச்சைகளும். டேவிஸ் செனட் பதவியை ஏற்றுக்கொண்டார், ஆணைய நாற்காலியை மறுத்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஜோசப் பிராட்லி குடியரசுக் கட்சி அதிபரால் நியமிக்கப்பட்ட நீதிபதி. தகராறிலிருந்த ஒவ்வொரு வாக்கும் எட்டுக்கு ஏழு என்று ஹேய்ஸுக்கே போய், 185-க்கு 184 என்று அவர் அதிபரானார். அந்த ஆண்டு ஏப்ரலில் தென் மாநிலத் தலைநகரங்களைக் காத்து நின்ற கடைசிப் படைகள் விலக்கப்பட்டன. அடுத்து வந்த தலைமுறைகளில் அங்கிருந்த கறுப்பின மக்கள் வாக்குரிமையை இழந்தார்கள்.

டேவிஸுக்காக வாதிட வேண்டுமென்றால் என்னால் முடியும். ஒரு கட்சி தமக்கு செனட் பதவி கொடுத்த மறு நாளே அந்தக் கட்சியின் வேட்பாளரைப் பற்றி முடிவு சொல்ல உட்காருவது எந்த நீதிபதிக்கும் அழகல்ல. இன்று நம் நீதிமன்றங்களிலும் அப்படி ஒருவர் விலகிக்கொள்ள வேண்டும் என்றே நாங்கள் மனுப்போடுவோம். ஆனால் மார்ச் 4 வரை அவர் நீதிபதியாகவே இருந்தார். அதுவரை செனட் பதவி அவருடைய கையில் வந்து சேரவும் இல்லை. நாட்டின் இரு தரப்பும் ஏற்கக்கூடிய ஒரே மனிதர் தாம்தான் என்பது அவருக்குத் தெரியும். மறுக்க வேண்டிய ஒன்று அவர் முன் இருந்தது, அது செனட் பதவி. அதை ஏற்று, கடமையை மறுத்ததில்தான் அவர்மீது எனக்கு மனத்தாங்கல்.

இந்தக் கதையை அலுவலகத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது இளையவர் ஒருவர், "நம்ம ஊரா இருந்தா தவளைன்னு பேரு வச்சிருப்பாங்க அண்ணே" என்றார். "தாவுறதுக்குக் கட்சின்னு ஒண்ணு வேணுமே தம்பி, இவருக்கு அதுவும் இல்ல" என்றேன். 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நம் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ்கூட டேவிஸைப் பிடித்திருக்க முடியாது. சுயேச்சையாக வென்று சுயேச்சையாகவே இருப்பவரின் தொகுதியை அது பறிப்பதில்லை.

அவர் காலிசெய்த இருக்கைக்கு அதிபர் ஹேய்ஸ் நியமித்தவர் ஜான் மார்ஷல் ஹார்லன். கறுப்பினத்தவரைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றுவது செல்லும் என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தனியொருவராக மறுப்புத் தீர்ப்பு எழுதியவர் அவர்தான். டேவிஸ் எழுந்து போனதால் நேர்ந்த கேட்டையும் நன்மையையும் ஒரே கணக்கில் எழுத எனக்குத் தைரியமில்லை.

செனட்டில் டேவிஸ் எந்தப் பக்கமும் சேராமல் உட்கார்ந்தார். 1881-இல் இரு கட்சிகளும் 37-க்கு 37 என்று சமமாக நின்றபோது அந்த மதில்மேல் பூனையின் மதிப்பு உயர்ந்தது. அவ்வாண்டு கார்ஃபீல்ட் அதிபரானார். ஆம், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மில்லிகனுக்காக டேவிஸ் முன்னிலையில் முதல் வழக்கை வாதாடிய அதே கார்ஃபீல்ட். ஜூலையில் சுடப்பட்டு செப்டம்பரில் அவர் இறந்ததும் துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் அதிபரானார், துணை அதிபர் பதவி காலியானது. அக்டோபர் 13-ஆம் நாள் செனட் தன் தற்காலிகத் தலைவராக டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய விதிப்படி ஆர்தருக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் டேவிஸே அதிபர் பொறுப்புக்கு வந்திருப்பார். எந்தக் கட்சியிலும் இல்லாத ஒருவர் வெள்ளை மாளிகைக்கு அவ்வளவு அருகில் நின்றது அரிய நிகழ்வு.

அவருடைய செனட் காலத்தில் நான் மதிக்கும் வேலை, யாரும் பேசாத ஒரு மசோதா. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடுகள் குவிந்து, ஒரு வழக்கு விசாரணைக்கு வரவே ஆண்டுகள் பிடித்தன. விசாரணை நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடுவே மேல்முறையீட்டு நீதிமன்றங்களை அமைக்க டேவிஸ் திட்டம் கொண்டுவந்தார். 1882-இல் செனட் அதை ஏற்றது, கீழவை கிடப்பில் போட்டது. 1883-இல் பதவிக்காலம் முடிந்து புளூமிங்டன் திரும்பிய டேவிஸ் 1886 ஜூன் 26-ஆம் நாள் காலமானார். அந்த இடைநிலை நீதிமன்றங்களை அமைக்கும் சட்டம் 1891-இல்தான் வந்தது. மலேசியாவிலிருந்து லண்டனின் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீடு 1985-இல் நின்றபின் 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமையும் வரை, உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல் ஒரே ஒரு படியோடு தொழில் செய்த மூத்த வழக்கறிஞர்கள் இன்னும் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். அந்த மசோதாவின் அருமையை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.